பதினோரு கிரகங்களுக்கு ஒரே கதவு

தணிகாசலத்தின் வீட்டு வாசல் கதவு, பதினோரு கிரகங்களுக்குக் கதவாக இருந்துவிட்டு எட்டு மாதம் கழித்து வீடு திரும்பியது. திரும்பிய நாளிலிருந்து அது அவரை வீட்டுக்குள் விடவில்லை. திறந்தால் ஏதாவது ஒரு கிரகம் வந்தது. இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது.

ஒன்பது ராத்திரியும் மனுஷன் ஸ்டுடியோவில், விண்கலத் தளபதியின் படுக்கையில் படுத்தார். பேர்தான் படுக்கை. உண்மையில் அது மீன் கடை ஐஸ் பெட்டியின் மூடி. தளபதி ஒரு எபிசோடுக்குப் பதினைந்து வினாடிதான் அதில் தூங்குவார். அதனால் அவருக்கு முதுகு வலித்ததில்லை.

தணிகாசலம் 'விண்மீன் ரோந்து' டிவி தொடரின் பிராப்பர்ட்டி பொறுப்பாளர், அதாவது செட்டுச் சாமான்களைப் பார்த்துக்கொள்கிறவர். ஞாயிறு காலை பத்தரை மணிக்கு வருகிற தொடர் அது. வாரம் ஒரு கிரகம், ஆக மொத்தம் ஐம்பத்திரண்டு கிரகம் என்று டைரக்டர் குலசேகர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். சாமான் என்னவோ ஒரு அறைக்குத்தான் இருந்தது. முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டி வெள்ளி பெயின்ட் அடித்தால் விண்கலம், பழுப்பு அடித்தால் குகை. பியூட்டி பார்லரில் தலை காயவைக்கிற தொப்பி மூளையைப் படிக்கும் கருவி. கவிழ்த்துப் போட்டால் வேற்றுக்கிரகக் குழந்தைக்குத் தொட்டில். ஒரு பழைய கிரைண்டர் நான்கு கிரகங்களில் கடவுளாக இருந்தது. அதன் குழவி ஐந்தாவது கிரகத்தில் தனிக் கடவுள்.

சாமான்தான் இப்படி என்றால் ஆளும் அப்படித்தான். இருபத்தாறாவது எபிசோடில் கைதியாக நடிக்க வேண்டியவர் வயிற்றைக் கலக்குகிறது என்று வராமல் போய்விட்டார். தணிகாசலத்தின் முகத்தில் பச்சை அடித்து, இரண்டு காவலர்களை விட்டு, "நட, துரோகியே!" என்று அவரை அந்தக் கதவு வழியாக இழுத்துப்போகச் செய்தார் குலசேகர். ஒரே டேக்கில் ஓகே. பச்சை போக மூன்று நாள் ஆயிற்று.

கதவு போன கதை இதுதான். பதினேழாவது எபிசோடுக்கு ஒரு கதவு வேண்டும் என்று குலசேகர் முதல் நாள் சாயங்காலம் சொன்னார். ஆசாரி மச்சினிச்சி கல்யாணத்துக்குத் திண்டிவனம் போயிருந்தார். தணிகாசலம் தன் வீட்டுக் கதவைக் கழற்றி மீன்பாடி வண்டியில் போட்டு மிதித்துக்கொண்டு வந்துவிட்டார். ஹவுசிங் போர்டில் தரைத்தளத்து வீடு, நம்பர் பி-14. ஒரே வாசல், ஒரே கதவு. "ஒரே நாளு, பூங்காவனம்" என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு வந்தார். அவள் வாசலில் போர்வையைத் தொங்கவிட்டு எட்டு மாதம் குடித்தனம் நடத்தினாள். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பார்களே, அதை மீன்பாடி வண்டி மிதித்துப் போய்ச் செய்தவர் இவர் ஒருவர்தான்.

பிராப்பர்ட்டி வேலையில் ஒரு முறை உண்டு. ஒரு சாமானை வைத்து ஷாட் எடுத்தானதும், அதன் பின்பக்கம் எந்த இடத்துச் சாமான் என்று சாக்பீஸால் எழுத வேண்டும். வேறு இடத்துக்கு எடுத்துப் போகுமுன் பழைய இடத்துக்காரர்களிடம் சொல்லி, அவர்கள் "விட்டாச்சு" என்ற பிறகு அந்தப் பேருக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட வேண்டும். கதவின் பின்பக்கம் தணிகாசலம் பதினோரு கிரகங்களின் பேரையும் மணிமணியாக எழுதியிருந்தார். ஒன்றுக்கும் டிக் போடவில்லை. எல்லாம் நாம்தானே, நமக்கு நாமே எதற்கு விட்டாச்சு சொல்வது என்ற சோம்பல். அதைவிடப் பெரிய பிசகு ஒன்று இருந்தது. அந்தப் பட்டியலில் பி-14 இல்லை. சொந்த வீட்டுக் கதவில் யாராவது சொந்த வீட்டுப் பேரை எழுதுவார்களா? எழுதவில்லை. ஆகவே அந்தக் கதவைப் பொறுத்தவரை, அது பதினோரு கிரகங்களில் இருந்திருக்கிறது, ஒரு வீட்டில் இருந்ததே இல்லை.

இப்போது எழுதிவிடலாமே என்றால் அதுவும் முடியாது. ஷாட் எடுத்த பிறகுதான் பேர் எழுதலாம். எடுக்காத ஷாட்டுக்கு எழுதின பேர் அரைமணி நேரத்தில் உதிர்ந்துவிடும். தணிகாசலம் இரண்டு முறை எழுதிப் பார்த்துச் சட்டையெல்லாம் சுண்ணாம்பானதுதான் மிச்சம். கதவையே கழற்றியும் பார்த்தார். கதவோடு வாசலும் கழன்று வந்துவிட்டது. வாசல் இருந்த இடத்தில் பூசிய சுவர் இருந்தது. மறுபடியும் மாட்டினார்.

மீதி இருந்தது தாழ்வாரத்து ஜன்னல் ஒன்றுதான். அதில் கம்பி போட்டிருந்தது. தம்ளர் நுழையும், தட்டு நுழையாது. அதனால் உள்ளே மாட்டிக்கொண்ட பூங்காவனம் தோசையைச் சுருட்டிக் கொடுத்தாள். பத்தொன்பது வருஷத்துக் குடித்தனத்தில் இருவரும் சேர்ந்தாற்போல் நான்கு நாள் பிரிந்ததில்லை. தன் வீட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் எதிரில் உட்கார்ந்திருக்க, ஒரு வேளை சோறு தின்ன வேண்டும். தணிகாசலத்துக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

"இன்னிக்கு எது வந்துச்சு?" என்று கேட்டாள் பூங்காவனம்.

"பனிக்கிரகம். காலு மரத்துப்போச்சு."

"நான் நேத்து உள்ளாண்டருந்து தொறந்து பாத்தேன். மணலு கொட்டுது. மூணு மொறம் வாரினேன். இன்னும் கட்டில் அடியில கீது." அவள் பெருமூச்சு விட்டாள். "ஊரு உலகத்துல ஆம்பளைங்க வேலைக்குப் போறாங்க, வர்றாங்க. எனக்குன்னு வாய்ச்சது பாரு."

"கத்தாத. அக்கம்பக்கம் கேக்குது."

"கேக்கட்டும். ஞாயித்துக்கெழம உங்க தொடரு முடியுதாமே. அப்புறம் எவன் ஷாட் எடுப்பான்? ஆயுசுக்கும் ஜன்னலாண்டயே நின்னுக்கினு இருப்பியா?"

கோபம் வந்தால் அவள் பன்மையை விட்டுவிடுவாள். தொடர் முடிவது அவருக்கும் தெரிந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை கடைசி எபிசோட். அதற்குள் பதினோரு கிரகமும் விட்டாச்சு சொல்லி, கதவை பி-14இன் கதவாக வைத்து ஒரு ஷாட் வந்தால் உண்டு. இல்லாவிட்டால் இல்லை.

கிரகங்கள் கடைசியிலிருந்து முதலுக்கு, வரிசை மாறாமல்தான் வந்தன, அந்த மட்டும் ஒழுங்கு இருந்தது. தணிகாசலம் ஒவ்வொன்றாக உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். எங்கே போனாலும் வரவேற்பு ஒன்றுதான். அவர் தலையைக் கண்டதும் ஜனங்கள் சூழ்ந்துகொண்டு, எடுத்துப்போன சாமான் எங்கே என்று கேட்டார்கள். ஒரு கிரகத்தில் மலையைக் காணோம். ஒரு கிரகத்தில் அரசியின் வலது கை, முப்பதாவது எபிசோடில் குழாயாகப் போனது, திரும்பவில்லை. பனிக்கிரகத்தில் பனியையே சுரண்டி மூட்டை கட்டி எடுத்துப் போயிருந்தார், அது முப்பத்தைந்தாவது எபிசோடில் உப்பளம். "நாளைக்குக் கொண்டாறேன், நாளைக்குக் கொண்டாறேன்" என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்தது. எப்படியோ ஒன்பது கிரகங்கள் விட்டாச்சு சொல்லின. பத்தாவது கிரகத்து ஜனங்களுக்கு வசனகர்த்தா வாய் வைக்கவில்லை, அதனால் தலையை ஆட்டினார்கள். டிக் போட்டுக்கொண்டார்.

பதினோராவது கந்தகபுரி. வெள்ளிக்கிழமை காலையில் கதவைத் திறந்தபோது உள்ளே கும்மிருட்டு. இருட்டுக்குள் ஐம்பது அறுபது பேர் நிற்பது மூச்சுச் சத்தத்தில் தெரிந்தது.

"மானிடனே" என்றது ஒரு குரல். கந்தகபுரியின் தலைவர் மகாகோன். அந்த ஊரில் எல்லோரும் எல்லாப் பேச்சையும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். "எங்கள் சூரியன் எங்கே?"

தணிகாசலம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். சூரியன் ஸ்டுடியோவில் மூன்றாம் அலமாரியில் இருந்தது. கந்தகபுரியிலிருந்து இறக்கி, பத்தொன்பதாவது எபிசோடில் வண்டிச் சக்கரமாகவும், முப்பதில் கேடயமாகவும், நாற்பத்தொன்றில் முகம் பார்க்கும் கண்ணாடியாகவும் பயன்படுத்தியிருந்தார்.

"மானிடனே, இரண்டு நாளில் தருவதாகச் சொல்லிச் சென்றாய். எட்டுத் திங்கள் ஆயின. துவைத்த துணி ஒன்றும் காயவில்லை."

"ஐயா, தப்புதான். கதவை விட்டுட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. சூரியனை அப்புறம் பாத்துக்கலாம்."

"மானிடனே, பூங்காவனம் வந்த பின் கதவைப் பற்றிப் பேசுவோம்."

"யாரு வந்த பின்?"

"எங்கள் சூரியனின் திருநாமம் பூங்காவனம். அதன் முதுகில் பொறித்திருக்கக் கண்டோம்."

அது பித்தளைத் தாம்பாளம். கல்யாணச் சீராக வந்தது. பாத்திரக் கடையில் பெயர் வெட்டிக் கொடுத்த தாம்பாளம். அதையும் அவர் அந்த ஒரே நாளைக்கு என்றுதான் கதவோடு சேர்த்து வண்டியில் போட்டுக்கொண்டு போனார். சாக்பீஸில் எழுதின பேரை டிக் போட்டு விடுவிக்கலாம். வெட்டின பேரை அதற்குரிய ஆள்தான் விட்டாச்சு என்று சொல்ல வேண்டும். சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே தணிகாசலம் ஜன்னலுக்கு வந்தார்.

பூங்காவனத்திடம் கதையைச் சொன்னார். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு திட்டுக்குக் காத்திருந்தார்.

"எங்கம்மா வூட்டு தாம்பாளம். ரெண்டு நாளா பரண்ல தேடுறேன்னு நெனச்சியா? எட்டு மாசமாத் தேடுறேன். சொன்னியா நீ?"

"இல்ல."

"எத்தினி பேரு இருட்டுல நிக்கிறாங்க?"

"அம்பது அறுபது இருக்கும். துணி காயலயாம்."

பூங்காவனம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "துணி காயலன்னா நாத்தம் அடிக்கும். எடுத்துக்கினு போயி குடு, நான் விட்டாச்சு. ஆனா ஒண்ணு. வாரத்துக்கு ஒருக்கா புளி போட்டு வெளக்கணும். இல்லாட்டி கறுத்துடும். அப்புறம் ஏன் வெளிச்சம் வரலன்னு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

தாம்பாளத்தை மாட்டியதும் கந்தகபுரியில் விடிந்தது. ஜனங்கள் ஈரத் துணிகளோடு ஓடினார்கள். மகாகோன் புளி விஷயத்தை ஓலையில் எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து நின்று, "மானிடனே, விட்டோம்" என்றார். தணிகாசலம் பதினோராவது டிக்கைப் போட்டார். அது கொஞ்சம் கோணலாக விழுந்தது.

அங்கிருந்து நேராக டைரக்டரிடம் போனார். ஸ்டுடியோவில் செட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். குலசேகர் விண்கலத்தின் பாதியில் உட்கார்ந்து பட்டாணி தின்றுகொண்டிருந்தார்.

"சார், கடைசி எபிசோடுல ஒரே ஒரு ஷாட் வேணும். என் வூட்டுக் கதவு, நான் தெறந்து உள்ள போறேன். அவ்வளவுதான். பத்து செகண்டு."

"கேமராவத் திருப்பிக் குடுத்தாச்சேய்யா."

"சார், எட்டு மாசம். என் வீட்டு வாசல உங்களுக்குக் குடுத்தேன்." தணிகாசலம் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் முட்டை அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "ஐஸ் பொட்டி மேல படுக்குறேன் சார். பொண்டாட்டி மொகத்த கம்பி கம்பியா பாக்குறேன்."

குலசேகர் கல்நெஞ்சக்காரர் இல்லை. இல்லாததை வைத்து ஒப்பேற்றிப் பழகியவர், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் பட்டாணியை மென்றார்.

"அழாதய்யா. கதவும் நீயும் சேர்ந்து இருக்கற ஷாட் ஒண்ணு நம்மகிட்ட இருக்கே. புதுசா எதுக்கு எடுக்கணும்? கதையில ஒரு வரி போட்டுடறேன். 'அதே வேளையில், பூமியில், பி-14இல்' அப்படின்னு. எடிட்டர்கிட்ட சொல்லி ஒட்டச் சொல்றேன்."

"எந்த ஷாட் சார்?"

"இருபத்தாறாவது எபிசோடு" என்றார் குலசேகர்.

தணிகாசலம் வாயைத் திறந்தார். ஒன்பது நாளைய முதுகுவலி அவரை மூடச் சொன்னது. மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கே தலை வாரி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பி-14 வாசலில் போய் நின்றார். தாழ்வாரத்தில் எல்லா வீட்டிலும் தொடரின் இசை கேட்டது. பத்தே முக்காலுக்கு, "அதே வேளையில், பூமியில், பி-14இல்" என்றது கணீர்க் குரல். படிக்கட்டுப் பக்கமிருந்து இரண்டு காவலர்கள் வந்தார்கள். தெர்மாகோல் தலைக்கவசம், கையில் குடைக்கம்பி ஈட்டி. தணிகாசலத்தின் முகத்தில் பச்சை ஏறியது. ஆளுக்கொரு பக்கம் கக்கத்தில் கை கொடுத்து, "நட, துரோகியே!" என்று அவரை இழுத்துக்கொண்டு கதவைத் தள்ளினார்கள்.

உள்ளே பி-14 இருந்தது. சுவரில் போன வருஷக் காலண்டர், ஆணியில் அவருடைய பழைய குடை, கட்டில் அடியில் மணல். தணிகாசலம் தரையில் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டார். எழுந்திருக்க மனமில்லை. பூங்காவனம் தட்டைக் கொண்டுவந்து எதிரில் வைத்தாள். சோறு, கத்திரிக்காய்க் குழம்பு, அப்பளம். அவர் பிசைந்தார், கண்ணில் தண்ணீர் வந்தது. பச்சை கரைந்து சட்டையில் சொட்டியது.

"சலவைச் சட்டை" என்றாள் அவள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அவர் கை கழுவியதும், அவள்தான் அவர் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தாள். கதவின் பின்பக்கம், பதினோரு டிக்குகளுக்குக் கீழே, பி-14 என்று எழுதினாள். உதிரவில்லை. ஒரு நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "இப்படித் திரும்பு" என்று சொல்லி, அவருடைய சட்டை முதுகிலும் பி-14 என்று எழுதினாள்.

ஷாட் ஷாட்தான், அதை மாற்ற முடியாது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் காவலர்கள் வந்து அவரை வீட்டுக்குள் இழுத்து விடுகிறார்கள். "துரோகி வந்துட்டார், வெளக்கேத்து" என்று பக்கத்து வீட்டில் சொல்வது கேட்கும். வெளியே போகிற மாதிரி ஷாட் எடுக்காததால், எடிட்டரிடம் சொல்லி அதையே பின்னாலிருந்து ஓட்டச் செய்திருக்கிறார் குலசேகர். காலையில் எட்டரைக்கு மூவரும் முதுகைக் காட்டியபடி வாசலைத் தாண்டுகிறார்கள். அப்போது கதவில் எழுதினதும் சட்டையில் எழுதினதும் தாமாகவே சாக்பீஸுக்குத் திரும்பிவிடுகின்றன. தின்ற இட்லியும் தட்டுக்குத் திரும்பிவிடுவதால், காலை ஆகாரம் மட்டும் முன்போல ஜன்னல் வழியாகத்தான். இட்லியைச் சுருட்ட முடியாது, அதனால் தோசை.

காவலர்களுக்கும் சேர்த்தே தோசை வார்க்கிறாள் பூங்காவனம். அவர்களுடைய கிரகத்தைப் பிரித்துக் கடைசி எபிசோடுக்கென்று தளபதிக்குக் குளியலறை கட்டியாகிவிட்டது, போக இடமில்லை. குட்டையாக இருப்பவருக்குக் காப்பியில் சர்க்கரை கூடாது. சாயங்காலம் உள்ளே வந்ததும் ஈட்டியைக் குடை மாட்டும் ஆணியில் மாட்டுகிறார்கள். பூங்காவனம் சாக்பீஸை எடுத்துக் கதவில் எழுதுகிறாள், தணிகாசலத்தின் முதுகில் எழுதுகிறாள். அவர் நகர்ந்ததும் காவலர்கள் இருவரும் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக வந்து முதுகைக் காட்டி நிற்கிறார்கள். அவர்களுக்கும் பி-14 என்றே எழுதுகிறாள்.